பதினேழு நிமிடத்துக்கு ஒருமுறை அசைந்த மவுஸ்

ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும், கணினிகளைத் தூரத்தில் இருந்து நடத்தும்போது கவனிக்க வேண்டியவற்றை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி கேட்டீர்கள். உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். பாதிப் பக்கம் போனபிறகுதான் தெரிந்தது, அதெல்லாம் ஏற்கெனவே கையேட்டில் இருக்கிறது. அந்தக் கையேட்டை எழுதியதும் நான்தான். அதில் இல்லாதவை என்னுடைய முட்டாள்தனங்கள் மட்டுமே. எனவே அவற்றில் இரண்டைத் தருகிறேன்.

முதலாவது சின்னது. மாணவர்கள் வீட்டில் இருந்தபடியே ஆய்வுகூட மென்பொருளைப் பயன்படுத்தும் ஏற்பாட்டை ஆரம்பித்த முதல் வாரம். பதுளையில் என் வீட்டுக் கணினியில் இருந்து ஆய்வுகூடக் கணினிக்குள் நுழைந்து, வேலையை முடித்துவிட்டு, வழக்கம்போல 'ஷட் டவுன்' கொடுத்தேன். என் கணினி அணையவில்லை. ஏன் அணையவில்லை என்று இரண்டு வினாடி யோசித்தேன். மூன்றாவது வினாடியில் புரிந்தது. மலைக்கு மேலே, பூட்டிய அறைக்குள், இருபது பேர் வேலை செய்துகொண்டிருந்த கணினியை அணைத்திருக்கிறேன். அதைத் திரும்பவும் எழுப்ப ஒரு பொத்தானை ஒரு விரலால் அமுக்க வேண்டும். அந்த விரலைக் கொண்டுபோக மழையில் ஆட்டோவில் போனேன். அன்றிலிருந்து நீங்கள் அந்தத் திரையில் பார்க்கும் 'ஷட் டவுன்' பொத்தான் காணாமல் போனது. யார் எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று இனிக் கேட்க மாட்டீர்கள்.

இரண்டாவதுதான் சொல்ல வேண்டியது.

மலைச்சரிவில் மழை இறங்கினால் மண் எப்போது நகரும் என்று கணக்கிடும் அந்த மென்பொருள் உங்களுக்குத் தெரியும். ஒரே நேரத்தில் பத்துப் பேர்தான் அதைத் திறக்கலாம். பதினோராவது ஆள் வந்தால் இடமில்லை என்று சொல்லிவிடும். அந்தக் காலத்தில் பிள்ளைகள் காலையில் அதைத் திறந்துவிட்டு, சாப்பிடப் போவார்கள், தூங்கப் போவார்கள், ஒருத்தன் கொழும்புக்கே போய்விட்டான். இடம் மட்டும் அவர்கள் பெயரில் இருக்கும். ஆகவே நான் ஒரு விதி கொண்டுவந்தேன். இருபது நிமிடம் மவுஸோ கீபோர்டோ அசையாவிட்டால், ஆள் வெளியே. இணைப்பு அறுந்தாலும் இருபது நிமிடம்தான் பொறுக்கும்.

அந்த விதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. யாராவது அழுதுகொண்டு வந்தால் மனம் இளகி மாற்றிவிடுவேனோ என்று பயந்து, அதை மாற்றும் அதிகாரத்தைப் பல்கலைக்கழகக் கணினிப் பிரிவிடமே ஒப்படைத்தேன். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவள் மாதிரி இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெயர் என் கண்ணில் பட்டது. ஷெரின், இறுதி வருட மாணவி. நல்ல பிள்ளை, அதிகம் பேசாது. அவளுடைய இணைப்பு காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் மாலை ஐந்து வரை அப்படியே இருக்கும். விதி அவளை வெளியே தள்ளவே இல்லை. எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கிறார்கள் என்று காட்டும் எண்ணைப் பார்த்தேன். பதினான்கு, பதினைந்து, பதினாறு என்று ஏறும். பதினேழில் பூச்சியத்துக்கு விழும். மறுபடி ஏறும்.

மூன்று நாள் தாளில் குறித்தேன். பதினேழு, பதினெட்டு, பதினாறு, பதினேழு. ஒரு தடவை பன்னிரண்டு. மறுபடி பதினெட்டு.

மவுஸைத் தானாக அசைக்கும் மென்பொருள்கள் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அவை அச்சாக ஒரே இடைவெளியில் அசைக்கும். இது கொஞ்சம் முன்னே பின்னே அசைகிறது. என்னைப் போன்றவர்களை ஏமாற்றுவதற்காகவே யாரோ மூளைசாலி, இடைவெளியை மாற்றி மாற்றி எழுதியிருக்கிறான் என்று முடிவு செய்தேன். அந்தப் பன்னிரண்டைக் கண்டு உண்மையிலேயே வியந்தேன். "எவ்வளவு நுணுக்கம்!" என்று என் கணவரிடம் சொல்லிக் காட்டினேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ளைக்கு ஒரு போன் கோல் எடுத்துக் கேட்டா என்ன?" என்றார். இவருக்குத் தொழில்நுட்பம் விளங்காது என்று நினைத்தேன்.

அந்த வாரச் சனிக்கிழமை. திங்கட்கிழமை பிள்ளைகள் ஒப்படைகளைக் கொடுக்க வேண்டும். ஷெரினைப் பற்றி ஏற்கெனவே நான் சொல்லியிருந்த துறைத் தலைவர், காலை பதினொன்றரைக்குத் தொலைபேசியில் வந்தார்.

"ஆறு பேர் இடமில்லாமல் காத்திருக்கிறார்கள். உங்களுடைய அந்தத் தந்திரக்காரி இன்றைக்கும் உள்ளே இருக்கிறாளா?"

"இருக்கிறாள் சேர்."

"வெளியே போடுங்கள். பன்னிரண்டு மணிக்கு முன்னால். திங்கட்கிழமை ஒழுக்காற்றுக் குழுவுக்கு எழுதிக் கொடுங்கள்."

அவளுடைய பெயரில் மவுஸை வைத்து, ஆளை வெளியேற்றும் 'லொக் ஓஃப்' என்ற சொல்லின் மேல் அம்புக்குறியை நிறுத்தினேன். ஒரு கிளிக்தான். ஆனால் இவ்வளவு நுணுக்கமான களவின் முகத்தைப் பார்க்காமல் எப்படி அமுக்குவது? ஆகவே அவளுடைய திரையை என் திரையில் திறந்தேன். அந்த வசதி நமக்கு உண்டு. அதை எப்போது பயன்படுத்தலாம், எப்போது கூடாது என்று கையேட்டில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அந்த இரண்டு பக்கமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

திரையில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது மணித்தியாலக் கணக்கு, காலையிலேயே தொடங்கியிருக்கிறாள். பாதிக்குக் கிட்ட வந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று அம்புக்குறி அசைந்தது. மெதுவாக, நடுங்கி நடுங்கி, ஒரு வட்டம். நின்றது. கொஞ்சம் யோசித்தாற்போல் இன்னொரு சின்ன வட்டம். பிறகு திரையின் ஓரத்துக்குப் போய், எதன் மேலும் படாமல், அடக்கமாக நின்றது.

மென்பொருள் எதுவும் இப்படி அடக்கமாக நிற்காது. அது ஒரு கை.

அப்போது தொலைபேசியை எடுத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் திரையிலேயே நோட்பேடைத் திறந்து, கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் 'யார் இது?' என்று அடித்தேன்.

அம்புக்குறி அசையவில்லை. ஐந்து வினாடி. பத்து வினாடி. பிறகு என் திரையில் இணைப்பு அறுந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

அந்தப் பக்கம் யாரோ கணினியை அணைத்துவிட்டார்கள்.

கணக்கு நம்முடைய கணினியில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இணைப்பு அறுந்தால் இருபது நிமிடம். அதற்குள் அவள் பெயரில் திரும்ப உள்ளே வராவிட்டால் என் விதி அவளைக் கணக்கோடு சேர்த்துக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும். விதியை நிறுத்தக் கணினிப் பிரிவால்தான் முடியும். கணினிப் பிரிவு சனிக்கிழமை திறப்பதில்லை. பதினொன்று நாற்பத்திரண்டு என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

ஷெரினை அழைத்தேன். தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. பிறகு தெரிந்தது, அவள் சனிக்கிழமைகளில் பதுளையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறாள். வகுப்பில் தொலைபேசி வைத்திருக்கமாட்டாள். வீட்டில் இருந்து இணைகிற ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு வீட்டு இலக்கம் வாங்கி வைத்திருந்தேன். அவசரத்துக்கு என்று பட்டியலின் தலைப்பிலேயே எழுதியிருந்தது. இரண்டு மாதமாக அது மேசையின் இழுப்பறை லாச்சியில் கிடந்தது.

அழைத்தேன். ஒரு பெண்குரல்.

"ஷெரின் வீடுங்களா? நான் யூனிவர்சிட்டி லேப்ல இருந்து பேசுறேன்."



"ராங் நம்பருங்க," என்று வைத்துவிட்டார்.

திரும்ப அழைத்தேன்.

"ஷெரின் இல்லீங்க."

"சரிங்க, நீங்க யாரு பேசுறது?"

"நானும் இல்லீங்க."

சிரிப்பு வந்தது. ஆனால் கடிகாரம் பதினொன்று நாற்பத்தாறு. "அம்மா, வச்சிறாதீங்க," என்றேன். "நான் புடிக்க வரல. அந்த எழுத்து எழுதுனது நான்தான். பயமுறுத்திட்டேன், தப்பு என்மேல. இப்ப கம்பியூட்டர போடலன்னா உங்க மகளோட வேலை பூரா அழிஞ்சி போயிரும்."

"அழிஞ்சி போயிருமா?" குரல் உடனே மாறியது. "ஐயோ மிஸ், நான் மெயின் சுவிட்ச்சையே ஓஃப் பண்ணிட்டேனே! தானா எழுத்து வருது, மகள புடிச்சிட்டாங்கன்னு நெனச்சி..."

"பரவால்லங்க. இப்ப போடுங்க."

அவர் பெயர் லூர்து மேரி. தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தவர். முழங்கால் சரியில்லாமல் போய் வேலையை விட்டு வீட்டில் இருக்கிறார். இதெல்லாம் அவருடைய பழைய கணினி எழும்பும்வரை தெரிந்துகொண்டவை. அது எழும்ப மிகவும் யோசித்தது. திடீரென்று நிறுத்தியதால் தன்னைத் தானே சோதித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

"ஒன்னு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே இருக்குங்க மிஸ்."

"எதாவது ஒரு பட்டன அமுக்குங்க, நின்னுரும்."

"எதாவதுன்னா எதுங்க?"

"எதுனாலும் சரிங்க."

"நீங்களே ஒன்ன சொல்லிருங்க மிஸ். நான் பாட்டுக்கு ஒன்ன அமுக்கி..."

நீளமான பொத்தானைச் சொன்னேன். அமுக்கினார். கணினி எழுந்தது. மகள் வெளியே போகும்போது செய்வதைப் பார்த்துப் பார்த்து, எந்தப் படத்தை இரண்டு முறை தட்ட வேண்டும் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. அதைத் தட்டியதும் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றது. பதினொன்று ஐம்பத்து மூன்று.

"பாஸ்வேர்ட் தெரியுங்களா?"

"தெரியும். கரண்ட் போய் வந்தா நான்தான் போடுவேன்."

"அப்ப சொல்லுங்க, ஒரு எழுத்து ஒரு எழுத்தா நான் பாத்து..."

"அது சொல்ல மாட்டேங்க."

"என்னங்க?"

"யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு மகள் சொல்லியிருக்கு. லேப் மிஸ் கேட்டாலும் சொல்லக்கூடாதாம். லேப் மிஸ்ஸேதான் அப்படி சொன்னாங்களாம்."

முதல் வருட மாணவர்களுக்கு நான் எடுக்கும் வகுப்பில் அந்த வசனம் உண்டு. மேசையைத் தட்டிச் சொல்வேன். என் இருபத்தேழு வருடச் சேவையில் அதை முழுதாகக் கடைப்பிடித்த ஒரே ஆள், என் வகுப்புக்கு வராத இந்த அம்மாதான்.

"சரிங்க," என்றேன். "நீங்களே போடுங்க."

போட்டார். பிழை என்றது. திரும்பப் போட்டார். பிழை. மூன்றாவது தடவையும் பிழையானால் அவளுடைய பெயரே உள்ளே வர முடியாமல் பூட்டிவிடும். அந்தப் பூட்டின் சாவியும் கணினிப் பிரிவிடம். அந்த நேரம் பார்த்து என் தொலைபேசியில் துறைத் தலைவர் இரண்டாவது அழைப்பில் வந்துகொண்டிருந்தார். காதுக்குள் டிக் டிக் என்றது. எடுக்கவில்லை. இருபத்தேழு வருடத்தில் அவருடைய அழைப்பை நான் எடுக்காமல் விட்டது அன்று மட்டும்தான்.

"அம்மா, கைய எடுங்க. ஒன்னும் தொடாதீங்க," என்றேன். "எப்பவும் போடுற மாதிரிதானே போட்டீங்க?"

"அதே மாதிரிதாங்க."

பயந்துபோன ஒருவர் அவசரமாகக் கீபோர்டில் கை வைத்தால் முதலில் எதில் கை படும்? நான் என் கீபோர்டைப் பார்த்தேன்: எழுத்தையெல்லாம் பெரிய எழுத்தாக மாற்றும் 'கெப்ஸ் லொக்'.

"கீபோர்ட்ல வலது பக்கம் மேல சின்ன லைட்டு இருக்குங்களா?"

"மூணு இருக்கு. ரெண்டு எரியுது."

"நடு லைட்டு?"

"எரியுது."

"இடது பக்க ஓரத்துல, நடுவுல, கொஞ்சம் அகலமா ஒரு பட்டன். ஒரு தடவ மட்டும் அமுக்குங்க."

"அணைஞ்சிருச்சிங்க."

"இப்ப போடுங்க. மெதுவா."

"மிஸ், ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிட்டுப் போடவா?"

பதினொன்று ஐம்பத்தெட்டு. "சொல்லுங்க. சின்னதா," என்றேன். அவர் சொன்னார். எங்கள் வீட்டில் அம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் அவர் முடிக்கும்வரை நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன். பிறகு ஒவ்வொரு பொத்தானாகத் தட்டும் சத்தம் கேட்டது. எட்டு எழுத்து. ஒரு நீண்ட மூச்சு.

"வந்திருச்சிங்க! கோடு ஓடுது மிஸ்! உங்க எழுத்தும் அப்படியே இருக்கு!"

என் திரையிலும் பார்த்தேன். கணக்கு ஒரு இலக்கமும் குறையாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் முதலில் செய்தது என் நோட்பேடை மூடியது.

"அம்மா, ஒன்னு கேக்குறேன், பயப்படாதீங்க. மவுஸ எப்ப எப்ப ஆட்டணும்னு எப்படித் தெரியும்? மணி பாப்பீங்களா?"

"மணிய பாத்தா மறந்துருவேங்க. ஒரு ஜெபமாலை முடிஞ்சா ஒருக்கா ஆட்டுவேன். அடுத்தத தொடங்குவேன்."

பதினேழு, பதினெட்டு, பதினாறு. என் தாளில் இருந்தவை அத்தனையும் ஜெபமாலைகள்.

"அப்ப புதன்கிழமை ஒன்னு பன்னிரண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கே?"

மிகவும் தாழ்ந்த குரலில், "அன்னைக்கு அடுப்புல சோறு பொங்கிருச்சிங்க. அவசரமா சொல்லிட்டேன். அதுவுமா உங்களுக்குத் தெரியும்?" என்றார்.

அதன்பிறகு துறைத் தலைவரை அழைத்தேன். "போட்டீர்களா வெளியே?" என்றார்.

"இல்லை சேர். அங்கே உண்மையான வேலை நடக்கிறது. என்னால் முடியாது."

"அப்படியென்றால் ஆறு பேருக்கு இடம்?"

அப்போதுதான் பத்து இடங்களின் பட்டியலை நான் முழுதாகப் பார்த்தேன். அதில் இரண்டு என் பெயரில் இருந்தன. அவசரச் சோதனைக்கு என்று ஆரம்பத்தில் நானே எடுத்து வைத்துக்கொண்டவை. அவற்றுக்கு இருபது நிமிட விதி கிடையாது. விதியை எழுதியபோது எனக்கு விலக்குக் கொடுத்திருந்தேன். இரண்டு மாதமாக அந்த இரண்டிலும் ஒரு வேலையும் நடக்கவில்லை. அவரிடம் சொன்னேன். சொல்லுவது சுலபமாக இருக்கவில்லை. இரண்டையும் விட்டேன். காத்திருந்தவர்கள் முறை வைத்து அன்று மாலைக்குள் வேலையை முடித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை ஒழுக்காற்றுப் படிவத்தை நிரப்பினேன். கடவுச்சொல்லைப் பகிர்ந்தவர்: மாணவி. பயன்படுத்தியவர்: மாணவியின் தாயார். பயன்படுத்த உதவியவர் என்ற இடத்தில் என் பெயரையும் பதவியையும் எழுதிக் கையொப்பம் வைத்தேன். துறைத் தலைவர் இரண்டு தடவை வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதைக் குழுவுக்கு அனுப்பினால் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்," என்றார். "தெரியும் சேர்," என்றேன். அவர் படிவத்தை என்னிடமே திருப்பித் தந்து, "அந்தப் பிள்ளையைக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் அந்த விதியை மாற்றுங்கள்," என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

விதியை மாற்ற எனக்கு நான்கு நாள் பிடித்தது. இப்போது நீங்கள் நடத்துவது அந்தப் புதிய விதிதான். கணக்கு ஓடுகிறதா என்று அது பார்க்கும், மவுஸைப் பார்க்காது. ஆரம்பத்திலேயே அப்படி எழுதியிருக்கலாம். மவுஸ் சுலபமாக அளக்கக்கூடியது, அதனால் அதை அளந்தேன். அளக்கச் சுலபமானதைப் பிடித்துக்கொண்டு, அதுதான் வேலை என்று நம்பிவிடுவது நம் தொழிலில் எல்லோருக்கும் வரும். உங்களுக்கும் வரும். வந்தால், தாளில் எண்களைக் குறிப்பதற்கு முன்னால் லாச்சியில் இருக்கும் இலக்கத்தை எடுத்துப் பேசுங்கள். தொழில்நுட்பம் விளங்காத என் கணவர் முதல் நாளே சொன்னது இதைத்தான். அவரிடம் இதுவரை நான் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

அந்த வார வெள்ளிக்கிழமை ஷெரின் தன் தாயாரை ஆய்வுகூடத்துக்குக் கூட்டிவந்தாள். தேவாலயத்துக்குக் கட்டும் சேலையில், முழங்காலைப் பிடித்துப் பிடித்து மூன்று மாடி ஏறி வந்தார் லூர்து மேரி. இத்தனை நாள் தான் காவல் காத்த கணினியைப் பார்க்க வேண்டுமாம். காட்டினேன். அலுமாரிக்குள் ஒரு கறுப்புப் பெட்டி. திரையும் இல்லை, மவுஸும் இல்லை. கையை வைத்துப் பார்த்து, "சூடா இருக்கு, பாவம்," என்றார்.

ஷெரின் தன் கணக்கின் முடிவை அச்சிட்டு வைத்திருந்தாள். அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே உள்ள மேடுதான் அவள் எடுத்துக்கொண்ட சரிவு. எத்தனையோ விதமாக மழையைப் பெய்யவிட்டுப் பார்த்திருக்கிறாள். தாய்க்கு விளங்கும்படி சொன்னாள்.

"மேல குறுக்கால ஓடுற பழைய தண்ணிக் கான் மண்ணடிச்சிக் கெடக்குல்லம்மா. அத வெட்டித் தண்ணிய திருப்பிவிட்டா மேடு நிக்கும். வெட்டாட்டி நிக்காது."

லூர்து மேரி மகளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"அதத்தானே மிஸ் நான் நாலு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன், அந்தக் கான வெட்டுங்க, வெட்டுங்கன்னு. இதக் கண்டுபிடிக்கவா ஒம்பது மணித்தியாலம்?"

"நீ சொன்னா தோட்டத்துத் தொரை கேக்க மாட்டாரும்மா," என்றாள் ஷெரின். "இத காட்டுனா கேப்பாரு."

அச்சிட்ட தாள்களைத் தாயார் வாங்கி, ஒவ்வொன்றாகப் புரட்டினார். சிவப்பிலும் மஞ்சளிலும் நிறம் தீட்டிய படங்கள், ஆங்கில எழுத்துகள், அம்புக்குறிகள். நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்ப நானே கொண்டுபோய்க் குடுக்குறேன்," என்றார்.

கொடுத்தார். துரை கேட்டார். மழைக்கு முன்னால் அந்தக் கானை வெட்டி முடித்தார்கள். வெட்டிய அத்தனை நாளும் லூர்து மேரி மேட்டில் ஒரு கல்லில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்டும்படி சொல்லிக்கொண்டே இருந்தாராம்.